ரத்தினபாயும் விழாத பால்பல்லும்

என் மாமியார் ரத்தினபாய்க்கு எதையும் சும்மா பார்க்கத் தெரியாது. பார்த்தால் திருப்பிப் பார்ப்பார், திருப்பிப் பார்த்தால் கேள்வி கேட்பார். தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் இருபத்தோரு வருஷம் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை விளக்குக்கு அடியில் விரித்துப்போட்டு, விட்டுப்போன தையலையும் கோணல் காலரையும் கண்டுபிடித்து, 'பீஸ் டேமேஜ்' என்று ஒதுக்கவேண்டும். அந்தக் கண்ணோடு வீட்டுக்கு வந்தால் வீடு என்ன பாடுபடும் என்று எனக்குத்தான் தெரியும். நான் இரும்புலியூருக்கு மருமகளாக வந்த முதல் வாரம், என் தோசையைத் தூக்கிப் பார்த்து, "நடுவுல மட்டும் வெந்து கீது, ஓரம் ஏன் வேகல?" என்றார். குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு நிஜமாகவே காரணம் தெரியவேண்டியிருந்தது என்பது பிறகுதான் உறைத்தது.

அத்தைக்கு மேல்வரிசையில் இடதுபக்கம் ஒரு தெத்துப்பல் உண்டு. தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று சொல்லாதவர்கள் யார்? அவருடைய அம்மா அதற்கும் ஒருபடி மேலே போய், பெண் பார்க்க வந்த சவுரிமுத்து அந்தத் தெத்துப்பல் சிரிப்பில் விழுந்துதான் சரி சொன்னார் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். சவுரிமுத்து என் மாமனார். தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் ஒன்று பேசுவார். அத்தை போட்டோவுக்கு நிற்கும்போதெல்லாம் இடதுபக்கம் தெரிகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது மாமாவுக்காகத்தான்.

போன வருஷம் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் வீட்டிலிருந்து ஒரு பொமரேனியன் குட்டியைத் தூக்கிவந்தேன். ரஸ்க் என்று பெயர் வைத்தோம். குட்டிக்கு மூன்றரை மாத வயது ஆனதும் அது கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்க ஆரம்பித்தது. நாற்காலிக் கால், துடைப்பம், என் கைப்பை வார், மாமாவின் காக்கிச் சட்டை. நான் கத்தினேன். அத்தை கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து அதன் வாயைத் திறந்து பார்த்தார்.

"ஈறு செவந்து கீது ஜெரூஷா. அதான் கடிக்குது" என்றார். துணியை நனைத்து ஃப்ரிட்ஜில் வைத்துக் கடிக்கக் கொடுத்தார். நாலாம் நாள் அந்தத் துணியில் ஒரு குட்டிப் பல் ஒட்டிக்கொண்டிருந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது.

அன்றிலிருந்து பிடித்தது எனக்குச் சனி. நாய்க்கு மொத்தம் எத்தனை பல் என்று கேட்டார். போனில் பார்த்து, பால்பல் இருபத்தெட்டு, அது விழுந்து முளைப்பது நாற்பத்திரண்டு என்றேன். மீதிப் பதினாலு எங்கிருந்து வருகிறது என்றார். பின்னால் இருக்கும் பெரிய கடைவாய்ப்பற்கள் பத்தும் அவற்றுக்கு முன்னால் வரும் சின்னப் பற்கள் நாலும் பால்பல்லில் கிடையாது, அவை புதிதாக வரும் என்றேன். அதை நம்பாமல் டார்ச்சோடு தானே எண்ண உட்கார்ந்தார். பதினேழு வருவதற்குள் ரஸ்க் விரலைக் கவ்விவிடும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். விழுந்த பல்லையெல்லாம் காலண்டரில் தேதி போட்டுக் குறித்தார். ஆனால் கைக்குக் கிடைத்தது ஐந்துதான். மிச்சத்தை அது முழுங்கியிருக்கும் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் குச்சியும் கையுமாகக் கொல்லையில் நின்றார். அந்தக் கையோடு சமையலறைக்குள் வரக்கூடாது என்று கறாராகச் சொன்னேன்.

ஆறாம் மாதம் கீழ்வரிசையில் இடதுபக்கக் கோரைப்பல் மட்டும் விழவில்லை. அதன் பக்கத்திலேயே உள்பக்கமாகப் புதுப் பல் ஒன்று எட்டிப்பார்த்தது. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன மாதிரியே தெத்துப்பல்லு வருது பாரு" என்று தெருவில் நாலு வீட்டுக்குத் தூக்கிப்போய்க் காட்டிவிட்டு வந்தார்.

தடுப்பூசிக்குச் சேலையூர் கிளினிக்குக்குப் போனபோது கால்நடை டாக்டர் ஸஹானா அந்தக் கொண்டாட்டத்தில் மண்ணைப் போட்டார். "இது அதிர்ஷ்டம் இல்லம்மா. பால்பல் விழாம இடத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. புதுப் பல்லு இடமில்லாம உள்ளே சாயுது. விட்டா மேலண்ணத்தைக் குத்தும். இந்த வாரமே மயக்கம் கொடுத்து எடுத்துடலாம்."

அத்தை ரஸ்க்கை வாரி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வீட்டில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "தெத்துப்பல்லுக்கு பக்கத்துல எதையும் புடுங்கக்கூடாது. பொக்கையா தெரியும். அப்புறம் அத யாரு ஆசையா பாப்பாங்க?" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு வாயில்லாப் பிராணியின் வலியைவிட அழகு பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்டேவிட்டேன்.

மூன்றாம் நாள் ரஸ்க் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அத்தை டார்ச்சை எடுத்தார். கீழ்வாயைப் பார்க்கவில்லை, அண்ணாந்து பிடித்து மேலண்ணத்தைப் பார்த்தார். அங்கே ஒரு சிவப்புக் குழி. ரொம்ப நேரம் பார்த்தார்.

"பீஸ் டேமேஜ் ஆவுது. வண்டிய எடு ஜெரூஷா."

பல்லை எடுத்து முடித்ததும் டாக்டர் அதைப் பஞ்சில் வைத்துக் கொடுத்தார். வெளியே தெரிந்தது கொஞ்சம், உள்ளே இருந்த வேர் அதைப்போல இரண்டு மடங்கு. அத்தை அதை உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு நான் தடுப்பதற்குள், ரஸ்க் மயக்கம் தெளியாமல் படுத்திருந்த மேஜைப் பக்கம் நின்று தன் வாயைத் திறந்தார்.

"டாக்டரம்மா, எனுக்கும் இதே கேஸான்னு பாருங்க."

"அம்மா, நான் நாய் டாக்டர்" என்றார் ஸஹானா. ஆனால் அவருக்கும் ஆர்வம் விடவில்லை, விளக்கைத் திருப்பிக் குனிந்தார். "நான் சொல்லக்கூடாது. தெத்துப்பல்லுக்குப் பக்கத்துல இருக்கிற பல்லு ரொம்பச் சின்னதா இருக்கு. பல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

மறுநாளே மேற்குத் தாம்பரத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். பால்பல்தான். ஐம்பத்துநாலு வயதில் என் மாமியார் வாயில் ஒரு பால்பல் இருந்திருக்கிறது. அது இடத்தை விடாததால்தான் நிஜப் பல் வெளியே தள்ளி நின்று தெத்துப்பல்லானது. இப்போது பால்பல்லின் வேரில் சீழ், எடுத்தே ஆகவேண்டும் என்றார் பல் டாக்டர்.

"ஆடுதுன்னு தெரியும், ஆறு மாசமா" என்றார் அத்தை, என்னைப் பார்க்காமல். "சொன்னா புடுங்க சொல்வீங்க. ஓட்ட வாயோட அவரு முன்னாடி எப்டி நிப்பேன்? அவரு பாத்து கட்டினு வந்த சிரிப்பு இது."

ரஸ்க்குக்காக அவர் போட்ட சண்டை யாருக்காக என்று அப்போதுதான் விளங்கியது. நான் பேசிய பேச்சை நினைத்து வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "பீஸ் டேமேஜ் ஆவுது அத்தை" என்றேன். எழுந்து போய்ப் பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்று நாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டே நடமாடினார். மாமா வந்தார், சாப்பிட்டார், ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அத்தை எதிரே போய் நின்றார்.

"ஏங்க, அன்னிக்கு எங்க வூட்டுக்கு பொண்ணு பாக்க வந்தீங்களே. எத பாத்து சரின்னீங்க? சிரிப்பதானே?"

"நீ எங்க சிரிச்ச?" என்றார் மாமா. "தலைய குனிஞ்சினு என் காலயே பாத்துகினு இருந்த. எல்லாரும் எந்த ஊரு, எந்த கோயிலுன்னு பேசிகினு இருக்கசொல்ல, 'செருப்பு கடிச்சிட்ச்சா, நொண்டிகினு வந்தீங்களே'ன்னு கேட்ட. எங்கண்ணன் செருப்பு, ஒரு சைஸ் சின்னது. எங்கம்மா கூட கவனிக்கல. நீ தேங்கா எண்ண கொண்டாந்து குட்த்த. அப்பவே சரின்னுட்டேன்."

"அப்போ பல்லு?"

"எந்தப் பல்லு?"

அத்தை தலைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"இத முப்பத்திரண்டு வருசமா ஏன் என்கிட்ட சொல்லல?"

மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ கேக்கவேயில்லயே" என்றார்.