மூன்றாவது தோட்டாவைப் பற்றி நான் சொல்லாதது

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழையும் இருக்கும். மகள் திருத்தித் தருகிறேன் என்றாள். அவளுடைய தமிழ் என்னுடையதைவிட மோசம் என்பதால் வேண்டாம் என்றேன். அதைவிட, இதை அவள் வாசிக்கக்கூடாது என்றும் ஒரு எண்ணம்.

போன கிழமை பலேர்மோவின் வியா மக்வேதா வீதியில் சப்பாத்து வாங்கப் போனேன். திடீரென்று மழை. பக்கத்துச் சந்தில் ஒரு கடைக்குள் ஒதுங்கினேன். கப்பலில் வந்திறங்கும் சனத்துக்கு எலுமிச்சம்பழம் வரைந்த பீங்கான் தட்டு விற்கும் கடை. ஒரு தட்டைக் கையில் எடுத்தபோதுதான் அந்த மணம் மூக்கில் ஏறியது. ஆளிவிதை எண்ணெய். கீழே பார்த்தேன். அதே பழைய பலகைத் தரை. நான் முன்பு வந்துபோன துவக்குக் கடை இருந்த இடம் இதுதான் என்பது அப்போதுதான் விளங்கியது. தட்டை வைத்துவிட்டு மழையிலேயே வெளியே வந்துவிட்டேன். பன்னிரண்டு வருடம் போய்விட்டது என்று மூக்குக்கு யார் சொல்வது?

அந்த எண்ணெயை மாஸ்த்ரோ நீனோ உள்ளங்கையால்தான் துவக்கின் மரத்தில் தேய்ப்பார். கைச்சூட்டில்தான் அது மரத்துக்குள் இறங்குமாம். கை எப்போதும் மினுங்கும். அவர் யாருக்காவது கைகொடுத்தால், அந்த ஆள் கையைத் துடைக்க இடம் தேடுவார். ஆளுக்கு ஏற்றபடி வேட்டைத் துவக்கு செய்து கொடுப்பது அவர் தொழில், அதனால்தான் மாஸ்த்ரோ, ஆசான், என்ற பட்டம். என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவர் தொத்தோரே.

தொத்தோரே என்றால் டாக்டர் என்று நினைக்கவேண்டாம். இந்த ஊரில் கழுத்துப்பட்டி கட்டியவர் எல்லாம் தொத்தோரேதான். அவர் ஓய்வு பெற்ற வழக்கறிஞர், மனைவியை இழந்தவர், எண்பதை நெருங்கியவர். கால்சா பகுதியில் அவருடைய பழைய வீட்டில் நான் சமைத்தேன், துடைத்தேன், கார் ஓட்டினேன். என் பெயர் அவர் வாயில் வராது. 'பிக்கியோத்து' என்றுதான் கூப்பிடுவார். பொடியன் என்று அர்த்தம். பொடியனுக்கு அப்போது நாற்பது வயது, முன்னந்தலையில் வழுக்கை.

ஒருநாள் அவருடைய மேசையைத் துடைக்கும்போது மூன்று பித்தளைச் சாமான் வரிசையாக நின்றன. உதட்டுச்சாயக் குப்பிகள் என்று நினைத்தேன். கிழவருக்கு இந்த வயதில் யாரோ அகப்பட்டுவிட்டாளாக்கும் என்று மனதுக்குள் சிரிப்பு வேறு. கிட்டப் போனேன். தோட்டாக்கள். துணி கையிலிருந்து விழுந்தது.

"பயப்படாதை, உள்ளுக்கை மருந்தில்லை," என்றார் பின்னால் வந்து. அவர் பேசியது இத்தாலியன்தான். எனக்கு எங்கள் பேச்சில்தான் நினைவிருக்கிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன். "மாதிரிக்கு நீனோ தந்தவன். பார், இது திரெந்தா-ஸேரோ-ஸேய், பெரிசு. என்ரை ஆயுள் முழுக்க இதுதான். இது ஸெத்தே-ஸேரோ-ஓத்தோ, கொஞ்சம் கட்டை. இந்த மெல்லிசு ஸேய்-எ-மெட்சோ. பொம்பிளையளின்ரை தோட்டா."

விஷயம் இதுதான். அவருடைய பழைய துவக்கு நான்கு கிலோவுக்கு மேல். அதைத் தூக்கிக்கொண்டு மதோனியே மலையில் ஏற அவரால் முடியவில்லை. இன்னும் ஒரு பருவம், ஒரே ஒரு காட்டுப்பன்றி, பிறகு விட்டுவிடுகிறேன் என்று சொல்லி இரண்டரைக் கிலோவில் ஒரு துவக்கு நீனோவிடம் செய்யக் கொடுத்திருந்தார். ஆனால் துவக்கின் பாரம் குறைந்தால் தோளில் அடிக்கும் உதை கூடும். பெரிய தோட்டா போட்டால் கிழவரின் தோள் கழன்றுவிடும். சின்னது போட்டால் பன்றி காயத்தோடு ஓடிப்போய் எங்காவது பற்றைக்குள் கிடந்து சாகும். எந்தத் தோட்டாவுக்குக் குழாயைக் கடைவது என்பதுதான் பிரச்சினை. கடைந்தபின் மாற்ற முடியாது.

மூன்று கிழமை இரண்டு பேரும் வாக்குவாதம் செய்தார்கள். கலியாணத்துக்குக் கூறைச் சேலை தெரிவு செய்வதுபோல ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள். நான் கோப்பி கொண்டுபோய் வைப்பேன். "நல்ல தோட்டா எண்டால் மிருகத்துக்குச் சத்தம் கேட்க முதல் எல்லாம் முடிஞ்சிட வேணும். நோ தெரியக்கூடாது," என்பார் நீனோ. தட்டைப் பிடித்தபடி விறைத்து நிற்பேன். ஒரு பன்றிக்கு நோகக்கூடாது என்று இவ்வளவு யோசிக்கிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புதினம். நான் மன்னாரில் பிறந்தவன்.

இதற்கிடையில் தொத்தோரேயின் மகள் என்னைத் தனியே பிடித்தார். சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்; இரண்டு தெரு தள்ளி இருந்தவர், நல்ல மனுசி. "அப்பாவுக்குத் துவக்கு லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம் வருது. அவராலை ஏலாது எண்டால் நான் டாக்குத்தரிட்டைக் கதைச்சு நிப்பாட்டிப்போடுவன். அவர் சுடப் போகேக்கை நீ கூடப் போறாய்தானே? பாத்துட்டு வந்து உண்மையைச் சொல்லு." நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன் தலையைத்தான் ஆட்டுவான்.

கடைசியில் நீனோ, சுட்டுப் பார்த்தே முடிவு செய்வோம் என்றார். ஊருக்கு வெளியே சுடும் பயிற்சித் திடல். ஒரே பாரத்தில் மூன்று துவக்கு கொண்டு வந்திருந்தார். காதுக்கு மூடி தந்தார்கள். தொத்தோரே கூப்பிட்டால் கேட்காது என்று நான் அதைக் கழற்றி வைத்திருந்தேன். புத்திசாலி.

முதல் வெடி திரெந்தா-ஸேரோ-ஸேய்.

அடுத்து எனக்குத் தெரிந்தது சீமெந்துத் தரை. முகம் குப்புற, இரண்டு கையும் பிடரியில். கோப்பிக் குடுவை உருண்டு போய்க்கொண்டிருந்தது.

"ஏய் பிக்கியோத்து, பன்றி அந்தப் பக்கம்!" நீனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தொத்தோரே சிரிக்கவில்லை. திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த வெடிக்குத் தயாரானார்.

நீனோவுக்கு ஒரு தொழில் தந்திரம் உண்டு. ஆளுக்குத் தெரியாமல் நடுவில் ஒரு வெறும் தோட்டாவைச் செருகிவிடுவார். தொத்தோரே விசையை இழுத்தார். 'டிக்' என்ற சத்தம் மட்டும். வெடிக்கவில்லை. ஆனால் துவக்கின் முனை கீழே குத்தியது, தோள் துள்ளியது, வரப்போகும் உதைக்குப் பயந்து கண்கள் இறுக்கி மூடியிருந்தன. ஐம்பது வருடம் வேட்டையாடிய மனுசன். எனக்கு நான் விழுந்ததைவிட அது பெரிய அதிர்ச்சி.

"துவக்கு வெடிக்கேல்லை, தொத்தோரே," என்றார் நீனோ மெதுவாக. "நீங்கள்தான் வெடிச்சனீங்கள்."

இரண்டாவதிலும் கண் மூடியது. மூன்றாவது, அந்த மெல்லிசு. நாலு வெடி, இடையில் ஒரு 'டிக்'. முனை அசையவில்லை. கண் திறந்திருந்தது. இலக்கைப் போய்ப் பார்த்தால் நாலு துளையையும் ஒரு கோப்பிக் கோப்பையால் மூடலாம். தொத்தோரே, "பொம்பிளையளின்ரை தோட்டா," என்று முணுமுணுத்துவிட்டு நீனோவின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

திரும்பி வரும்போது துறைமுகப் பக்கம் வாகன நெரிசல். நாப்போலிக் கப்பலுக்கு லொறிகள் வரிசை.

"ஏன் விழுந்தனி?" என்று கேட்டார் தொத்தோரே.

அதுவரை இந்த ஊரில் ஒருவருக்கும் சொன்னதில்லை. எங்கள் வீதியில் வெடி கேட்டால் முதலில் விழவேண்டும், பிறகுதான் யோசிக்கவேண்டும் என்றேன். நான் விழுந்தேன், என் அண்ணன் எங்கிருந்து வருகிறது என்று எட்டிப் பார்த்தான் என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவர் தலையை ஆட்டினார். பிறகு, பழக்கதோஷத்தில், பன்றியைப் பற்றிக் கேட்பதுபோல, "எந்தக் காலிப்ரோ?" என்றார்.

என்ன அளவு தோட்டா என்று கேட்டார்.

பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். எனக்கு கியர் எங்கே என்று தெரியவில்லை. அடுத்த கணமே அவர் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "மன்னிச்சுக்கொள், மன்னிச்சுக்கொள் மகனே," என்றார். வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். நான் காரை நிறுத்தி, இறங்கி, அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் சிஞ்ஞோரா குசினிக்கு வந்தார். நான் கோப்பி அடுப்பில் வைத்திருந்தேன்.

"எப்பிடி? அப்பாவாலை ஏலுமோ?"

"கண்ணை மூடினவர், சிஞ்ஞோரா. வெடிக்காத தோட்டாவுக்கும் கண்ணை மூடினவர்."

அவர் கண் கலங்கியது. என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். மூன்றாவது தோட்டாவைப் பற்றிச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. கோப்பி கொதித்து மேலே வரும்வரை இருந்தது. அதை இரண்டு கோப்பையில் ஊற்றி, சீனி போட்டுக் கலக்கும்வரை இருந்தது. நான் சொல்லவில்லை. கிழவருக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்றா, காரில் அவர் கேட்ட அந்தக் கேள்விக்காகவா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

டாக்குத்தர் கையெழுத்து வைக்கவில்லை. பழைய துவக்குகளையும் பொலிசார் வந்து எடுத்துப்போனார்கள். புதுத் துவக்குச் செய்வது பாதியில் நின்றது. ஆனால் நான் நினைக்காத ஒன்று நடந்தது. நீனோதான் மகளிடம் சொல்லிவிட்டான் என்று தொத்தோரே முடிவு செய்துவிட்டார். நாற்பது வருடச் சிநேகிதம்.

வேட்டைப் பருவம் தொடங்கிய நாள் காலை, வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு குசினிக் கதிரையில் வந்து இருந்தார். வாசல் மணி அடித்தது. வாசலில் நிற்பவரோடு பேசும் கருவியை எடுத்தேன். நீனோ.

"பிக்கியோத்து, துவக்கின்ரை மரம் வடிவாய் வந்திருக்கு. ஒருக்கால் வந்து தடவிப் பாக்கட்டாம் எண்டு சொல்லு."

நான் திரும்பிப் பார்த்தேன். "இல்லையெண்டு சொல்லு," என்றார் தொத்தோரே. "என்னை வித்தவன் அவன்."

அவன் இல்லை, நான் என்று சொல்ல வாய் திறந்தேன். கருவியில் என் குரல், "வீட்டிலை இல்லை, மாஸ்த்ரோ," என்றது.

அடுத்த மாரியில் தொத்தோரே போய்ச் சேர்ந்தார். அடக்கப் பூசையன்று நீனோ கோவிலின் கடைசி வாங்கில் இருந்தார், சவப்பெட்டிக்குக் கிட்ட வரவில்லை. பிறகு அவரும் இல்லை, கடையும் இல்லை. கால்சா வீட்டில் இப்போது உல்லாசப் பயணிகளுக்கு அறை விடுகிறார்கள். சிஞ்ஞோரா மிலானோவில் என்று கேள்வி.

மழையில் நனைந்து வந்த அன்று மனைவிக்கு எல்லாம் சொன்னேன். என் ஈரச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, "இப்ப ஆரிட்டைப் போய்ச் சொல்லப் போறியள்? எழுதியாவது வையுங்கோ," என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். சிஞ்ஞோரா, மூன்றாவது தோட்டாவுக்கு உங்கள் அப்பா கண்ணை மூடவில்லை. மாஸ்த்ரோ நீனோ உங்களிடம் ஒன்றும் சொன்னதில்லை.

பலேர்மோ, நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை.