நாலரை இஞ்ச் சுவரும் என் சீர் சோபாவும்

ஹாலுக்கும் மாமனார் படுத்திருக்கிற ரூமுக்கும் நடுவுல இருக்கிற சுவரை உடைக்கலாம்னு இன்னைக்குக் கொத்தனாரை வரச் சொல்லியிருந்தோம்.

என் வீட்டுக்காரர் டேப் வச்சு அளந்துட்டு, "நாலரை இஞ்ச்தான்ணே. சும்மா தடுப்புச் சுவர், தாராளமா உடைக்கலாம்"னாரு. எல்லாம் வீடியோ பாத்துக் கத்துக்கிட்டது.

கொத்தனார் சுவரைப் பாக்கவே இல்ல. அண்ணாந்து மேல பாத்தாரு.

"கட்டுனப்ப தடுப்புதான் தம்பி. உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்சு, மேல இருக்கிற பீம் தொங்கி இது மேல உக்காந்துருச்சு. இப்ப இந்தச் சுவர்தான் தாங்குது. எடுத்தா தளம் கீழ வந்துரும். மொதல்ல இஞ்சினியரைக் கூப்பிட்டு பீமைக் காட்டுங்க."

நான் ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டேன்.

"ஆமா, எதுக்கு உடைக்கணும்?"னாரு கொத்தனார்.

"பக்கவாதம் வந்ததுல இருந்து மாமா உள்ளயே தனியாக் கெடக்காருண்ணே. எங்க சத்தம் மட்டும்தான் அவருக்குக் கேக்குது. எங்களப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்னுதான்"னேன்.

"அப்பக் கட்டிலை இங்கன ஹால்ல போட்டா?"

அத்தை தரையப் பாத்தாங்க. வீட்டுக்காரர் டேப்பைச் சுருட்டுனாரு.

கட்டில் போடுற இடத்துல என் சோபா கெடக்கு. கல்யாணத்துக்கு எங்கப்பா குடுத்த சீர். பாலித்தீன் கவர்கூட இன்னும் பிரிக்கல.

மத்தியானமே சோபா ரூமுக்குப் போயிருச்சு. மாமா ஹாலுக்கு வந்ததும் ரிமோட்டைக் கேட்டாரு.

சுவரை இடிக்கத் துணிஞ்சவங்க, சோபாவை நகத்தச் சொல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை பேசத் துணியல.

நான் என்ன அவ்வளவு பயங்கரமான ஆளா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. எங்க வீட்டாளுங்க மட்டும் கமெண்ட் போட வேண்டாம்.