நல்லெண்ணெய்க் கானில் வந்த கள்ளு

அக்காவின் மகள் பிரான்சிலிருந்து வந்து கிளிநொச்சியில் பாண்கடை திறக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காலையும் மாலையும் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் வாசலுக்கே பாண் வருகிற ஊர் இது. பாண் இல்லாமல் இங்கே யாரும் பட்டினி கிடப்பதாக எனக்குத் தெரியாது.

ஆனால் மருமகள் பிடிவாதக்காரி. பன்னிரண்டு வருடம் அங்கே ஒரு வெதுப்பகத்தில் மா குழைத்தவள். கலியாணம் முறிந்த பிறகு, தாய் தகப்பனை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு சூட்கேசோடும் ஒரு கண்ணாடிப் போத்தலோடும் தனியாக வந்து இறங்கினாள். தை மாதத்துக்குள் கடை சரிவராவிட்டால் திரும்பி வந்துவிடுவேன் என்று தாயிடம் சத்தியம் பண்ணியிருந்தாள்.

ஏ9 வீதியோரம் கடை திறந்த முதல் நாளே நான் போனேன். முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவனுக்கு எதையும் புரட்டிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் தூக்கம் வராது. பாணின் மேல்தோல் பனம் மட்டை போல இருந்தது. பிளேன்ரீயில் தோய்த்துப் பார்த்தேன். ரீதான் குறைந்தது, பாண் இளகவில்லை. சான்ட்விச் என்று வந்ததில் இரண்டு துண்டுப் பாணுக்கு நடுவே ஓர் ஆட்டுக்குட்டிக்குப் போதுமான இலை இருந்தது. குறுவாசோன் என்று வளைந்த பணிஸ் ஒன்றைத் தந்தாள். அது உதிர்ந்து என் வேட்டியெல்லாம் கொட்டியது. அதை மட்டும் மூன்று தின்றேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. முதல் நாளே புகழ்ந்தால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள்.

ஊர்ச் சனம் என்னைவிடப் பரவாயில்லை. பக்கத்துக் கந்தோர்க்காரர்கள் மத்தியானத்தில் வந்து அரை றாத்தல் வெட்டித் தரச்சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சம்பலையும் பருப்பையும் மேசையில் அவிழ்த்தார்கள். வெளிச்சாப்பாடு கொண்டுவர வேண்டாம் என்று மருமகள் சுவரில் எழுதி ஒட்டினாள். அந்த அறிவித்தலுக்குக் கீழே இருந்த கதிரைகளில்தான் காற்று நன்றாக வரும். அங்கேயே இருந்து அவிழ்த்தார்கள்.

கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்தப் போத்தல்தான். அதில் புளிமா இருந்தது. பாணைப் பொங்க வைப்பது அதுதான். அவளுக்குத் தொழில் பழக்கிய பிரெஞ்சுக்காரி, தான் வளர்த்து வந்ததில் பிரிகையில் கொடுத்தது. பதினைந்து வருடப் புளிமாவில் செய்த பாண் என்று சோக்கால் எழுதிக் கடை வாசலில் பலகை வைத்திருந்தாள்.

சூளை பழுதாகி, அதற்கு ஒரு சாமான் வாங்க அவள் கொழும்புக்குப் போக வேண்டி வந்தது. போத்தலை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தாள்.

“மாமா, இது உயிரோட இருக்குது. காலமையும் பின்னேரமும் மாவும் தண்ணியும் வடிவாக் குடுங்கோ. ரெண்டு நாளிலை வந்திடுவன்.”

நான் தலையாட்டிவிட்டுப் போத்தலைக் குசினியில் வைத்தேன். அதைப்பற்றி மனைவியிடம் ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் காலை அப்பம் சுட்டாள். ஓரம் முறுகி, நடு பஞ்சாக, அப்படியோர் அப்பத்தை நான் அந்த வீட்டில் கண்டதில்லை. இன்றைக்கு மா நன்றாகப் புளித்திருக்கிறது என்று வாய்விட்டுப் புகழ்ந்தேன். நாலாவதைத் தின்று முடித்துக் கை கழுவப் போனபோதுதான், போத்தல் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டேன்.

பதினைந்து வருடம் என் வயிற்றில் இருந்தது.

மனைவி கலங்கவில்லை. எங்கள் வீட்டில் கலங்குவது என் பொறுப்பு.

“புளிச்ச மாதானே. கள்ளு வாங்கிக்கொண்டு வாங்கோ, நாளைக்கு இதைவிடப் பொங்கும்.”

அப்பத்துக்குக் கள்ளு விடுவது ஊர் அறிந்த வழக்கம். ஆனால் அதைக் குசினிக்குக் கொண்டுவருவது யார் என்று எந்த வீட்டிலும் கேட்பதில்லை. நானோ கோயில் பரிபாலன சபையின் செயலாளர். விளக்குக்கு நல்லெண்ணெய் வாங்குகிற தகரக் கானை எடுத்துக்கொண்டு, கண்டாவளைப் பக்கக் கள்ளுத் தவறணைக்குச் சைக்கிளில் சுற்றுப்பாதையால் போனேன். திரும்பி வரும்போது எதிர்ப்பட்ட ஒருவர் கானைப் பார்த்துவிட்டுச் சுவாமிக்கோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

மனைவி கள்ளை மாவில் விட்டுக் கரைத்துப் போத்தலை நிரப்பி வைத்தாள். மருமகள் வந்து போத்தலைத் திறந்து மணந்தாள். என்னைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள். மாமி கூரையைப் பார்த்தாள். மூடியை இறுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தப்பினோம் என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து, மாவட்டத்தைப் பார்க்க வந்த சில வெளிநாட்டு விருந்தாளிகளை எங்கள் சபைத் தலைவர் கடைக்கு அழைத்து வந்தார். வெள்ளைக்காரரோடு படம் எடுக்கக் கிடைக்கிற இடமெல்லாம் அவருக்குச் சொந்த இடம். வந்தவர்கள் பாணை மென்று, இப்படியொரு வாசனை தங்கள் ஊரிலும் இல்லை என்றார்கள். தலைவர் எழும்பி, இது சுத்த சைவப் பாண், நமது பண்பாட்டின் அடையாளம் என்று பேசினார். நான் கைதட்டினேன். அப்போது விருந்தாளிகளில் ஒரு பெண், அந்தப் பதினைந்து வருடப் புளிமாவில் ஒரு கரண்டி தனக்கும் தரமுடியுமா என்று கேட்டாள்.

மருமகள் கையிலிருந்த மாவைத் துடைத்தாள். பிறகு வாசலுக்குப் போய்ப் பலகையைக் கையால் அழித்துவிட்டு வந்தாள்.

“இது பதினைஞ்சு வருசத்து மா இல்லை. பழசு போயிட்டுது. இது போன கிழமை கள்ளு விட்டுப் புளிக்க வைச்சது.”

தலைவரின் வாயில் பாண் இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கள்ளை யார் வாங்கியது என்று கேட்டார். அவள் கண் ஒருதரம் என்மேல் பட்டு விலகியது.

“நான்தான் வாங்கினனான்,” என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. புருசனை விட்டுவிட்டுத் தனியாக வந்த பெண் தவறணையில் கள்ளு வாங்கினாள் என்றால் இந்த ஊர் என்ன கதைக்கும் என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இருந்தேன்.

அன்று பின்னேரமே கதை, வாங்கினாள் என்பதிலிருந்து குடிக்கிறாள் என்பதற்கு வளர்ந்துவிட்டது. கந்தோர்க்காரர்கள் சம்பலோடு வேறு கடைக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை சபை கூடி, அந்தக் கடைப் பாணைக் கோயில் வளவுக்குள் கொண்டுவரக் கூடாது என்று தீர்மானித்தது. அப்பத்துக்கும் கள்ளுத்தானே விடுகிறோம் என்று நான் மெல்லக் கேட்டேன். அப்பம் வேறு, பாண் வேறு என்றார் தலைவர். அவர் வீட்டு அப்பம் ஊரில் பேர்போனது. தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதியது நான். முத்து முத்தான எழுத்து.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். மேசைகள் வெறுமையாக இருந்தன. உள்ளறையில் சூட்கேஸ் திறந்து கிடந்தது, பாதி அடுக்கியபடி. தை பிறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவள் பிளேன்ரீ தந்தாள், குறுவாசோனும் தந்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பியிருப்பேன். அந்தக் குறுவாசோனைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழும்பினேன்.

மறுநாள் காலைப் பூசை முடிகிற நேரம் பார்த்து, ஒரு கண்ணாடிப் போத்தலைச் சைக்கிள் கைபிடியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தவறணைக்குப் போனேன். சுற்றுப்பாதையால் அல்ல. திரும்பும்போது போத்தல் நிறைய நுரை. கோயில் வாசலில் தலைவரும் சபையாரும் திருநீறோடு நின்றார்கள். சைக்கிளை நிறுத்தினேன்.

“அண்டைக்கும் நான்தான் வாங்கினனான். அவள் என்ரை மானத்துக்காகப் பொய் சொன்னவள். எண்ணெய்க் கானிலை கொண்டு போனனான். கூட்டக் குறிப்பிலை அதையும் எழுதவோ?”

தலைவர் கோபுரத்தைப் பார்த்தார். யாரோ பின்னால் நின்று சிரித்தார்கள். நான் சைக்கிளை மிதித்தேன்.

கடையில் மருமகள் போத்தலைக் கண்டுவிட்டு அப்படியே நின்றாள். கோயிலடியில் நடந்ததைச் சொன்னேன். அவள் கள்ளை மாவில் விட்டுக் கிளறினாள். பிறகு வெறும் போத்தலைக் கழுவி என்னிடம் நீட்டினாள்.

“உது காணாது மாமா. நாளைக்குப் பெரிய போத்தலாக் கொண்டு போங்கோ.”