ஓடக்கூடாத மாரத்தான்

தாலுகா அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் மனுக்களைத் திருப்பி அனுப்பி ஓய்வுபெற்றவன் நான். ஆகவே தொண்ணூறுகளின் நடுவில், பாறசாலையில் கடை வைத்திருந்த தையல்காரர் ஒரு யோசனையோடு வந்தபோது, விண்ணப்பம் எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவருடைய தம்பி இரண்டு வருடம் முன்பு தற்கொலை செய்துகொண்டான். முந்தின நாள் கடைக்கு வந்து, "அண்ணா, கொஞ்சம் பேசணும்" என்றிருக்கிறான். கல்யாண பிளவுஸ் அவசரம். "நாளைக்கு வா மக்கா" என்று அனுப்பிவிட்டார். இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். சொல்லும்போது மெஷினை நிறுத்தவில்லை. முப்பத்திரண்டு வருடம் நான் சம்பளம் வாங்கியதே 'நாளைக்கு வா' என்ற அந்த வாக்கியத்தைச் சொல்லித்தான்.

கடைக்குப் பின்னால் உள்ள அறையில் ஒரு டெலிபோன் வேண்டும். மனசு உடைந்து யார் கூப்பிட்டாலும் அப்போதே எடுத்துப் பேச ஆள் வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு. காத்திருப்போர் பட்டியலில் பெயர் மேலே வந்திருந்தது. குறித்த தேதிக்குள் நெய்யாற்றின்கரை டெலிபோன் ஆபீசில் பணம் கட்டாவிட்டால் மறுபடி கடைசிக்குப் போகும். பணம் திரட்ட, அம்பூரியிலிருந்து நெய்யாற்றின்கரை வரை ஊர் ஊராகச் சுற்றி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப்போவதாகச் சொன்னார்.

"ஓடிப் பழக்கம் உண்டா?"

"இருபது வருஷமா மெஷின் சவுட்டுறேன் சாரே. காலுக்கு இதெல்லாம் ஒரு விஷயமாக்கும்?"

காவல் நிலையத்தில் எழுத்தர் என் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். "ஓட்டத்துக்குன்னு அனுமதி இல்ல சாரே. ஊர்வலத்துக்குத்தான் உண்டு. ஜாதான்னு எழுதித் தாருங்க." எழுதினேன். மூன்று வாரம் கழித்து, பணம் கட்டவேண்டிய கடைசி நாளுக்கு அனுமதி வந்தது. நான்காவது நிபந்தனை: ஜாதா நடைவேகத்தைத் தாண்டக்கூடாது. அனுமதியில் உள்ளதைத்தானே அச்சிட வேண்டும்? நோட்டீஸிலும் ஜாதா என்றே போட்டேன்.

எங்கள் பக்கம் ஜாதா என்றால் சந்திப்புக்குச் சந்திப்பு வரவேற்பு உண்டு. மாலை, பொன்னாடை, நாரங்கா சோடா, தலைவர் பேச்சு. நோட்டீஸைப் பார்த்ததும் கோயில் கமிட்டியும் சபை வாலிபர் சங்கமும் வியாபாரிகளும் தயாராகிவிட்டார்கள். அவர்கள் திரட்டிய பணம் உறையில் இருந்தது. பேச்சு முடிந்தால்தான் உறை.

முதல் சந்திப்பில் இரண்டு பேச்சு. அடுத்ததில் மூன்று. மூன்றாவது சந்திப்புக்குச் சற்று முன்பு, பின்னால் ஆட்டோவில் வந்த என்னிடம் தையல்காரர் மூச்சுவாங்கச் சொன்னார்: "நின்னா காலு மரத்துப்போவுது சாரே. நிக்கலேன்னா பைசா வராது. நாலு மணிக்கு கவுண்டர் அடைச்சா போனும் போச்சு."

நடைமுறை தெரிந்தவனுக்கு இது ஒரு பிரச்சினையா? நோட்டீஸின் பின்பக்கத்தில் அதிகாரக் கடிதம் எழுதினேன்: மாலை, பொன்னாடை, சோடா, உறை ஆகியவற்றை என் சார்பில் பெற்றுக்கொள்ள இவருக்கு அதிகாரம் அளிக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் ஓடினார்.

ஆரியங்கோட்டில் ஒரு தலைவர் என் கையைத் தூக்கிப் பிடித்து, இந்த வயதிலும் இப்படியொரு கால் பலமா என்று உருகினார். திருத்தலாம் என்றால் மைக்கைத் தரவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்:

"எலே, இவரு ஓடி வந்தாராக்கும்? ஒரு பொட்டு வேர்வை இல்லியே!"

"ஆபீசர்மாருக்கு வேர்க்காதுலே."

பாறசாலையில் ஒரு கான்ஸ்டபிள், ஜாதா வருகிறதென்று தையல்காரரை மறித்துவைத்திருந்தார். நான் ஏழு மாலைகளோடு இறங்கி அனுமதிக் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு ரோட்டை முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஜாதா எங்க?"

"இவர்தான்."

"ஒத்த ஆளு ரோட்டுல ஓடுறதுக்கு எதுக்கு சாரே அனுமதி?"

அனுமதிக் கடிதத்தை நாலாக மடித்து மாலைகளுக்கு அடியில் வைத்தேன். தையல்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடத் தொடங்கினார்.

மூன்றரைக்கு நான் கவுண்டரில் இருந்தேன். அவர் வந்து சேரவில்லை. விண்ணப்பதாரர் நேரில் கையெழுத்திட வேண்டும் என்றார் கிளார்க். அதிகாரக் கடிதத்தைக் காட்டினேன்.

"இதுல சோடா உண்டு. கையெழுத்து இல்லியே."

நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக. உறைகளில் முக்கால்வாசி சில்லறை. கிளார்க் எண்ணி முடித்தபோது மணி நாலாகப் பத்து நிமிடம். "மன்னிக்கணும், எனக்கு ஒரு சந்தேகம். இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க" என்றேன். அவர் என்னை முறைத்துக்கொண்டே ஒரு ரூபாய்களிலிருந்து மறுபடி தொடங்கினார். ஐம்பது பைசாக்களுக்கு வந்தபோது, வாசல் கம்பியைப் பிடித்தபடி தையல்காரர் உள்ளே வந்தார். வேர்வை சொட்டச் சொட்டக் கையெழுத்துப் போட்டார்.

"ஃபாரம் நனையுது," என்றார் கிளார்க். நனைந்த இடத்திலேயே முத்திரை குத்தினார்.

போன் வந்து நாலாம் நாள்தான் முதல் அழைப்பு. தையல்காரர் எடுத்தார். கேட்டுவிட்டு, வாய்ப்பகுதியைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கு ரப்பர் ஷீட்டுக்கு என்ன விலைன்னு கேக்காரு."

"ராங் நம்பர். வையும்."

அவர் வைக்கவில்லை. "விலை எனக்குத் தெரியாது அண்ணா. ஆனா வச்சிராதீங்க. எத்தனை ஷீட் உண்டு?"

பத்து நிமிடம் ரப்பர், மழை, ரப்பர். பிறகு தையல்காரர் எதுவும் கேட்கவில்லை. "ம்" மட்டும் கொட்டினார். என்னிடம் கண்ணால் கதவைக் காட்டினார். வெளியே வந்து சாத்தினேன்.

முக்கால் மணி நேரம் கழித்தும் உள்ளே "ம்" கேட்டுக்கொண்டிருந்தது. போய் இரண்டு சாயா வாங்கிவந்தேன். கதவைத் தட்டாமல் வெளியே உட்கார்ந்து ஒன்றைக் குடித்தேன். மற்றது ஆறியதும் அதையும் குடித்தேன்.