அட்டைமேல் போட்ட பழி

தாமல் கோதண்டபாணியை ஊரில் பயந்தாங்கொள்ளி என்பார்கள். துப்பாக்கி வைத்திருந்த பயந்தாங்கொள்ளி. ஏரியோரப் புதர்களிலிருந்து காட்டுப்பன்றிகள் வந்து வேர்க்கடலையைக் கிளறிப் போட்டதால், அறுபத்தேழில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. லைசென்சில் தம்பி தணிகாசலத்தின் பெயரும் இருந்தது. சுடுவதெல்லாம் தம்பிதான். சுட்ட தோட்டாக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து கெட்டிப்பது அண்ணன் வேலை.

அதை அவர் பூஜை மாதிரி செய்வார். அடுப்பு அணைந்திருக்க வேண்டும். பீடி குடிப்பவன் வாசலைத் தாண்டக் கூடாது. காலிக் கூடுகள் எல்லாம் வாய் கவிழ்ந்து நிற்கும். ஒன்றை நிமிர்த்தி, ஒரே அளவு மருந்து போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளே பார்த்து, உடனே வட்ட அட்டையை வைத்து அழுத்திவிடுவார். அப்புறம்தான் ஈய ரவை, மேலே இன்னொரு அட்டை, விளிம்பு மடிப்பு. அட்டைகளை மனைவி காந்தா பட்டுப் புடவைப் பெட்டியிலிருந்து வெட்டித் தருவாள். இவ்வளவு பார்க்கும் மனிதரைத்தான் கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கேலி என்றைக்கும் பிடித்ததில்லை.

ஒரு பங்குனி மாதப் பிற்பகலில் அவர் மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தபோது, காந்தாவின் தாய்மாமன் குப்புசாமி மாகறலிலிருந்து கல்யாணப் பத்திரிகையோடு வந்துவிட்டார். குங்குமத் தட்டை நீட்டினால் உட்கார்ந்தபடியா வாங்குவது? அதுவும் மருந்துக் கையோடா? போட்ட மருந்துக்கு அட்டை வைக்காமலே எழுந்து, கை கழுவி, மனைவியோடு நின்று வாங்கிக்கொண்டார். திரும்பி உட்கார்ந்த பிறகும் மாமா மாப்பிள்ளையின் அருமை பெருமைகளை நிறுத்தவில்லை. இவர் உம் கொட்டிக்கொண்டே அதே கூட்டில் மறுபடியும் மருந்தைக் கொட்டினார். வெளிச்சத்தில் பார்க்கவில்லை.

அந்தத் தோட்டாவின் விளிம்பு மடிய மறுத்தது. அட்டை தடிப்பு என்று நினைத்து, இன்னும் அழுத்தி மடித்துவிட்டார். அதுவரை முடிந்த தோட்டாக்களைத் தணிகாசலம் பையில் போட்டுக்கொண்டு வேர்க்கடலைக் கொல்லைக்குக் கிளம்பினான்.

மிச்சமிருந்த கூடுகள் எல்லாம் சுலபமாக மடிந்தன. கோதண்டபாணிக்கு எங்கோ உறுத்தியது.

"காந்தா, நடுவுல வேற பொட்டி அட்டை எதுனா குடுத்தியா?"

"இல்லீங்க. எல்லாம் ஒரே பொட்டிதான்."

அப்படியானால் மடியாதது அட்டையால் இல்லை. இரட்டை மருந்து. குழல் வெடித்தால் தம்பியின் முகம்தான் முதலில் போகும்.

"இன்னா மாப்ள, பேசிக்கினு இருக்கும்போதே எழுந்து போறீங்க?" என்று மாமா கேட்டு முடிப்பதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டார். ஏரிக்கரை மேட்டில் மூச்சு வாங்க மிதித்தார். சுட்டுவிடாதே, சுட்டுவிடாதே என்று வாய் தானாக முணுமுணுத்தது.

கொல்லை கண்ணில் படும் முன்பே வெடிச்சத்தம் கேட்டது. எப்போதும் கேட்கும் சத்தம் இல்லை அது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

தணிகாசலம் வரப்பில் நின்று தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"ண்ணா, ஒரே அடி. பன்னி அங்கியே சுருண்டுக்கிச்சு. இன்னிக்குப் போட்டியே, அதான் தோட்டா. இனிமே எல்லாத்தையும் இதே மாதிரி போட்டுடுப்பா."

கோதண்டபாணி தம்பியின் கண்களை, கன்னத்தை, விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு துப்பாக்கியை வாங்கி மாலை வெயிலில் திருப்பினார். குழலில் தோட்டா போடும் அடிப்பக்கத்தில், சுடுபவன் முகத்துக்கு நேர் முன்னால், முடி கனத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது.

குழலைத் திறந்தார். அடுத்த தோட்டாவை அவன் அதற்குள் போட்டு வைத்திருந்தான். அதை வெளியே எடுத்த பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.