பாடை திரும்பும் இடம்

அந்தப் பச்சை வண்டியில் பாட்டு பின் இருக்கையில்தான் உட்கார்ந்து வரும். சின்ன ஸ்பீக்கர் ஒன்றைத் துண்டில் சுற்றி, சாய்ந்துவிடாதபடி இரண்டு தலையணைகளுக்கு நடுவில் வைத்திருப்போம். வண்டியின் முன்பலகையில் துளை போட்டு ரேடியோ வைக்க முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "பொறந்தப்ப இல்லாத ஓட்டைய நாம எதுக்குப்பா போடணும்?" என்பார். அதனால் பாட்டு பின்னால், நாங்கள் இருவரும் முன்னால். முதலாளி டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. இவர் உட்கார்ந்தார். எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

அவருக்கு நைனார்பாளையம் பக்கம் நிலம். படித்தது சென்னையில், வேலை பார்த்தது கப்பலில். கப்பல் நின்ற ஊரிலெல்லாம் இறங்கி ஜாஸ் இசை கேட்டிருக்கிறார். வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகள் வந்தன. பிறகு ஒவ்வொன்றாக மூன்று பழைய கார் வண்டிகள் வந்தன. மரவள்ளிக் கிழங்கு போட்டு வைக்கும் கொட்டகையைக் காலி செய்து அவற்றை நிறுத்தினார். கறுப்பு வண்டிக்குக் கதவு பின்பக்கமாகத் திறக்கும். சிவப்பு வண்டிக்குச் சக்கரம் இல்லை, செங்கல் மேல் நின்றது. பச்சை வண்டி மட்டும்தான் ஓடும். அதற்கு முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும்.

நான் அதற்கு முன் கரும்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. லாரியில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கல்யாணப் பந்தியிலும் சாவு வீட்டிலும்தான் தெரியும். என் மனைவியே சொல்வாள், "உன் வாயத் தொறக்கறதுக்கு ஒரு சாவி செஞ்சி வாங்கியாரணும்" என்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் கல்வராயன் மலைக்குப் போவோம். கோமுகி அணை தாண்டியதும் ஏற்றம். வண்டி இரண்டாவது வளைவிலேயே மூச்சு வாங்கும். ஓடைப் பக்கம் நிறுத்தி, ரேடியேட்டர் ஆறும் வரை காத்திருந்து தண்ணீர் ஊற்றுவேன். அந்த நேரம் முழுக்க அவர் பேசுவார். பழைய வண்டியும் ஜாஸும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி.

"புது வண்டில எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். பழச நீ கேட்டுக்கினே இருக்கணும். இன்னா சொல்லுது, எங்க இழுக்குது, எங்க மூக்கடைக்குது. கேக்காதவனுக்கு வண்டியும் கிடையாது, ஜாஸும் கிடையாது."

பாட்டு விஷயத்தில் அவர் கறார். இருபது பேர் சேர்ந்து ஊதினால் அது இசை இல்லை, பந்தி என்பார். நாலு பேர் போதும், ஐந்தாவது ஆள் வந்தால் பஞ்சாயத்து. வயலின் கூட்டத்தைப் பின்னால் நிறுத்திவிட்டால் வண்டிக்குப் பிளாஸ்டிக் பூ ஒட்டிய மாதிரி. பாடுகிற குரல் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கோ உடைந்த குரலில் பாடுகிற ஓர் அம்மாவைப் பிடிக்கும். என்ன சொல்கிறாள் என்று ஒரு எழுத்தும் புரியாது. ஆனாலும் பிடிக்கும்.

"அந்தம்மா நல்லா பாடுதுங்களே."

"நல்லாதான்யா பாடுது. அதான் தப்பு. அவ பாடறப்ப பின்னால இருக்கறவன் இன்னா வாசிக்கிறான்னு நீ கேட்டியா?"

"இல்லிங்க."

"பாத்தியா!"

முதலில் சில மாதங்கள் எனக்கு எல்லாம் இரைச்சலாகத்தான் கேட்டது. ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள், யாரும் யாரையும் கண்டிக்கவில்லை என்று தோன்றும். ஒருநாள் வளைவில் கியரைக் குறைத்து மெதுவாக ஏறும்போது, ஆள் உயரத் தந்தி வாத்தியம் ஒன்று எல்லோருக்கும் அடியில் ஒரே நடையாக நடந்துகொண்டிருப்பது காதில் விழுந்தது. மற்றவர்கள் தோப்பு, வரப்பு என்று சுற்றிவிட்டு அதன் பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். அன்று முதல் எனக்குக் கேட்க ஆரம்பித்தது.

ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் முதலாளி கேட்பார்: "உனக்கு இன்னா கேட்டுச்சு?"

சாப்பிட்டாயா, எப்போது வருவாய், வண்டி ரெடியா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. உனக்கு என்ன கேட்டது என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். தப்பாகவும் சொல்லியிருக்கிறேன். ஊதுகுழலின் வாயை மூடி வாசித்ததை வேறு வாத்தியம் என்று நினைத்து ஒரு வருஷம் அதற்குத் தனியாக ஒரு ஆளை மனதில் வைத்திருந்தேன். அவர் சிரிப்பார். அது சுடாத சிரிப்பு. மலை ஏறும்போது பேசுவேன், இறங்கியதும் வாய் பழையபடி மூடிக்கொள்ளும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கனமான நடை. நடுவில் திடீரென்று எல்லாம் நின்றது. ஒரு மூச்சு நேரம் எதுவும் இல்லை. பிறகு டிரம் மட்டும் வந்தது. அதன் பின்னால் மற்றவர்கள் வேறு நடையில், வேகமாக வந்தார்கள். என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"இங்கதாங்க பாடையத் திருப்புறாங்க."

எங்கள் ஊரில் பாடை வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு திசை, சுடுகாட்டுப் பாதையில் முச்சந்தி வந்ததும் வேறு திசை. அங்கே இறக்கி வைத்து, தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பித் தூக்குவார்கள். போனவர்களுக்கு வீட்டுக்கு வரும் வழி மறந்துபோக வேண்டும் என்பது கணக்கு. அதுவரை மேளம் நடக்கும். திருப்பும்போது நிற்கும். திருப்பித் தோளில் ஏற்றியதும் வேகம் பிடிக்கும்.

என் அம்மாவை அப்படித் திருப்பினபோது நான் முன்பக்கம் தோள் கொடுத்திருந்தேன். மேளம் நின்ற அந்த அமைதியில் பாடையின் கயிறு இறுகி ஒரு சத்தம் வந்தது. அம்மா கோரைப் பாயில் புரண்டு படுக்கும் சத்தம் அதேபோல இருக்கும். சின்ன வயதில் இருட்டில் அந்தச் சத்தம் கேட்டால், அம்மா இருக்கிறாள் என்று நான் தூங்கிவிடுவேன். அன்று முச்சந்தியில் அதைக் கேட்டதும், அம்மா இருக்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு மேளம் அடித்தார்கள்.

இதை என் தங்கையிடம் சொன்னதில்லை. மனைவியிடம் சொன்னதில்லை. "எங்கம்மா பொரண்டு படுக்கற மாதிரி இருந்திச்சுங்க" என்று அவரிடம் சொன்னேன். அவர் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். பிறகு, இந்த இசை பிறந்த ஊரிலும் சாவுக்கு வாத்தியம் வைத்து நடப்பார்கள், போகும்போது மெதுவாக, திரும்பும்போது வேகமாக வாசிப்பார்கள் என்று சொன்னார். "நீ கேட்டது சரிதான்யா" என்று என் தோளைத் தொட்டார். மேலே வெள்ளிமலை ஊரில் வண்டியின் இன்ஜின் முன்மூடி மேல் டம்ளரை வைத்து இருவரும் டீ குடித்தோம். அந்த டீயின் ருசி கூட ஞாபகம் இருக்கிறது.

கொஞ்ச காலம் கழித்து அவர் செல்போனில் வீடியோ படம் எடுத்து எல்லோரும் பார்க்கிற மாதிரி நெட்டில் போட ஆரம்பித்தார். பழைய வண்டியில் உட்கார்ந்து ஜாஸ் பற்றிப் பேசுவார். எடுப்பதற்காக வண்டியைத் துடைத்துத் தருவேன். எடுக்கும்போது என்னைக் கொட்டகைக்கு வெளியே நிற்கச் சொல்வார், நிழல் விழுகிறதாம். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஒருநாள் டயருக்குக் காற்றுப் பிடிக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தேன். டீக்கடையில் என்னோடு லாரி ஓட்டின பழைய கூட்டாளி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டான்.

"வாய்யா பாடை டிரைவரு! பொணம் ஒயுங்கா படுத்துக்கினு வர்தா, இல்ல இன்னும் பொரளுதா?"

கடையே சிரித்தது. எனக்கு விளங்கவில்லை.

"இன்னாடா சொல்ற?"

"ஒனக்கே தெரியாதா? ஒங்க மொதலாளி ஒன்னப் பத்தி ஒலகத்துக்கே சொல்லிக்கினு கீறாரு. இத்தப் பாரு."

செல்போனை என் கையில் கொடுத்தான். முதலாளி பச்சை வண்டியில் என் இடத்தில் உட்கார்ந்திருந்தார், இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். அந்த வண்டியை அவர் ஒரு தடவைகூட மலையில் ஓட்டியதில்லை. சிரித்துக்கொண்டே பேசினார். ஒருநாள் தன் டிரைவருக்கு ஜாஸ் போட்டுக் காட்டினாராம். மலை வளைவில் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டானாம். முகமெல்லாம் வியர்வையாம். "சார், பாட்ட நிறுத்துங்க, பின்னாடி சீட்ல பொணம் பொரண்டு படுக்குது" என்றானாம். என் குரல் மாதிரியே பேசிக் காட்டினார். நான் வாயைச் சரியாகத் திறக்காமல் பேசுவதைக்கூட விடவில்லை. கீழே ஜனங்கள் சிரிக்கிற பொம்மைகளாகப் போட்டிருந்தார்கள்.

"நெஜமாவே பயந்துட்டியா?" என்றான் கூட்டாளி.

"இல்ல" என்றேன். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் எலவனாசூர்கோட்டையிலிருந்து தங்கை கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார். "அண்ணா, அது அம்மாவா?" என்று கேட்டாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. கோரைப் பாய்ச் சத்தம் அவளுக்கும் தெரியும்தானே. ஆமாம் என்றேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அந்தாளுகிட்ட இன்னாத்துக்குண்ணா சொன்ன?" என்றாள். அழுதாள். அவர் சிரித்ததைவிட அவள் கேட்ட கேள்விதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல வண்டியை எடுத்தேன். முன்பலகையில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் செல்போனை நிறுத்தி வைத்திருந்தார், கேமராக் கண் என் பக்கமாக.

"எல்லாரும் உன்னத்தான்யா கேக்கறாங்க. இன்னிக்கு நீயே பேசிடு."

அணை தாண்டி ஏறினோம். அதே பாட்டைப் போட்டார். எனக்கு ஒவ்வொரு அடியும் தெரியும். அந்த இடம் நெருங்க நெருங்க அவர் முகம் என் பக்கம் திரும்பியது.

"வருது, வருது. சொல்லு."

எல்லாம் நின்றது. அந்த ஒரு மூச்சு நேரத்தில் வண்டியின் இன்ஜின் சத்தம் மட்டும் இருந்தது. டிரம் வந்தது. வேகம் பிடித்தது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"இன்னாய்யா, ஒண்ணும் சொல்லல?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலிங்க."

சலித்துக்கொண்டு செல்போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். ஓடைப் பக்கம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றும்போது, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வராது.

"அது எங்கம்மா சாவுங்க. நீங்க சரின்னு சொன்னீங்க. அப்புறம் செல்போன்ல ஏங்க அப்டி சொன்னீங்க?"

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அட, அதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிருக்க? உள்ளபடி சொன்னா கேக்கறவன் அழுவான்யா, ஜாஸ் கேக்க மாட்டான். கொஞ்சம் தமாஸ் கலந்தேன். உன் பேரக்கூட சொல்லலியே?"

எங்கள் ஜில்லாவில் இரண்டு துண்டுக் கண்ணாடி வைத்த பச்சை வண்டி வேறு எத்தனை இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். வெள்ளிமலையில் என் டீயைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து குடித்தேன். அவர் வண்டியில் சாய்ந்து நின்று, டம்ளரை முன்மூடி மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னமும் அவரிடம்தான் வேலை. பச்சை வண்டியின் மனசு தெரிந்த ஆள் வேறு கிடைக்கவில்லை. எனக்கும் அதை விட்டுப் போக மனசில்லை. டீக்கடையில் அந்தப் பட்டப்பேர் ஒட்டிக்கொண்டது. அவர் சொன்ன கதைதான் ஊரில் இருக்கிறது. நடந்ததும் ஒரு இடத்தில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தங்கைக்கு முதலில் படித்துக் காட்டினேன். பாயில் புரளும் இடம் வந்ததும் போதும் என்றாள். பிறகு, மீதியையும் படி என்றாள்.

போன ஞாயிறு ஒரு புது இசைத்தட்டைப் பதிந்து கொண்டுவந்திருந்தார். இரண்டே பேர், ஒரு பியானோ, ஒரு ஊதுகுழல். இத்தனை வருஷத்தில் நான் கேட்டதிலேயே அதுதான் நல்ல பாட்டு. கடைசி வளைவில் அந்த ஊதுகுழல் ஒன்று செய்தது. எனக்கு உடனே ஒன்று தோன்றியது, கண் நிறைந்துவிட்டது. மூக்கைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டேன்.

"உனக்கு இன்னா கேட்டுச்சு?" என்றார்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

எனக்கு என்ன கேட்டது என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை.