சிவகாமி ரீச்சரின் பார்வை போன பூனை

மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபோதுதான் செய்தி வந்தது. நெடுந்தீவிலிருந்து வந்திருந்த மீன்பிடிகாரர் மரியநாயகம் அண்ணை என்னைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார். "சிவகாமி ரீச்சர் போயிட்டா, பிள்ளை. காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர அண்டைக்கு எண்ணெய் இல்லாமல் வள்ளம் ஓடேல்லை." வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். அழுவதற்குக்கூடக் களைப்பாக இருந்தது.

நெடுந்தீவில் அவரைத் தெரியாதவர் இல்லை. சைவசமயம் படிப்பித்தவர், மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவர், வெள்ளிதோறும் வீட்டு ஒழுங்கையிலிருந்த பிள்ளையார் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுத்தவர். இங்கே மாற்றலாகி வருமுன் அதே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த நான் அவர் வீட்டில் ஓர் அறையில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் பெற்றவள் நான். படித்ததை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவேன்.

அவருடைய பூனைக்கும் சோறும் பாலும்தான். "என்ர பிள்ளை சுத்த சைவம்" என்று வருவோரிடம் பெருமையாகச் சொல்வார். அதுவோ கோப்பை நிறையத் தின்றுவிட்டும் கத்திக்கொண்டே திரியும். ஒருநாள் பட்டப்பகலில் மேசையடிக் கதிரையின் காலில் போய் முட்டியது. வெயிலிலும் அதன் கண்மணிகள் விரிந்தபடியே இருந்தன.

"நீர் படிச்ச ஆள். இதுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார்.

நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய ஒரு சத்தைப் பூனையின் உடம்பு தானாகப் போதியளவு செய்துகொள்ளாது. மீனோ இறைச்சியோ தின்றால்தான் கிடைக்கும். போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஓமோன்கள் குடலில் சுரப்பதும் தின்பதைப் பொறுத்தது. பசி அடங்காமல் அது கத்துவது அதனாலும் இருக்கலாம்.

"அப்ப மீன் குடுத்தால் கண் வருமோ?"

"போனது வராது, ரீச்சர். ஆனா உயிர் தப்பும். மீன் அவிச்ச தண்ணியையும் குடுங்கோ, சத்து அதுக்குள்ள இறங்கிவிடும்."

பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "மச்சம் தொடாதது நான். அது பூனையெல்லோ" என்றார்.

மறுநாள் கடற்கரைக்கு அவரே போனார். கூட நானும் போனேன். கத்தோலிக்கரான மரியநாயகம் அண்ணை சிரித்தார். "என்ன ரீச்சர், விரதம் முடிஞ்சுதோ?"

"எனக்கில்லை அண்ணை. வீட்டில ஒரு வேதக்காரி இருக்கிறா."

ஊரில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள்; அன்றிலிருந்து பூனைக்கும் அதுதான் பெயர். முற்றத்து மூலையில் மூன்று கல் வைத்து, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, பழைய தகரப் பேணியில் மீன் அவிப்பார். பிறகு கிணற்றடியில் தலை முழுகிவிட்டே வீட்டுக்குள் வருவார். பூனை தின்றுவிட்டு முதன்முறையாகக் கத்தாமல் படுத்தது.

கோயிலில் பூக்கட்டும் பெண்களுக்குத்தான் பொறுக்கவில்லை. "மீன் அளைஞ்ச கையால கட்டின மாலை வேண்டாம்" என்று ஒரு வெள்ளியன்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாலையோடு திரும்பி வந்தவர், அதை வீட்டுச் சுவாமிப் படத்துக்குப் போட்டார். "பிள்ளையாருக்குக் கட்டிக் குடுக்கக் கன பேர் இருக்கினம். இதுக்கு ஆர் இருக்கினம்?" என்றார். அவ்வளவுதான். அதன்பின் மாலை கொண்டு போகவேயில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் கைகள் சும்மா மடியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வரிசை மறுபடி நின்றபோது மரியநாயகம் அண்ணையிடம் பூனையைப் பற்றிக் கேட்டேன்.

"வேதக்காரி எங்கட வீட்டில. அவிச்ச தண்ணியை ஊத்திப்போடாதேங்கோ எண்டு ரீச்சர் காய்ச்சலுக்குள்ளயும் சொன்னவ."

நான் நிலத்தைப் பார்த்துச் சொன்ன ஒன்றை அவர் கடைசிவரை மனதில் வைத்திருந்தார். நான் வைத்திருப்பது அவர் கைகளை. புளித் தேசிக்காய் தேய்த்தும் மீன் மணம் போகாத அந்தக் கையால்தான், ஒவ்வொரு நாள் காலையிலும் கரும்பலகையில் தேவாரம் எழுதினார்.